அம்புக்குறி ஒட்டிய இடம்

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்.

என் அன்பு மகன் ஜோவினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்னோடும் ஜெனிஃபாவோடும் இருக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை போனது. அந்த ஒரு வரியை வழக்கம்போல எழுதிவிட்டால் பிறகு இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், அப்பா நலம், நான் நலமாகிக்கொண்டு வருகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு, அதுவும் அயர்லாந்துக்கு ஸ்பீட் போஸ்டில் எதற்கு என்று நீ நினைப்பாய், அப்பாவும் அதைத்தான் கேட்டார். போனில் சொல்லத்தான் பார்த்தேன். வாய் வரவில்லை. வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து பார்த்தேன், திருப்பிக் கேட்டால் எனக்கே காது கூசியது, அழித்துவிட்டேன். மறுபடி பேசினேன், மறுபடி அழித்தேன். நீ இதைப் படிக்கும்போது நான் எதிரில் இருக்க மாட்டேன் அல்லவா, அந்தத் தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதே என்று உனக்கு மெசேஜ் அனுப்பினேனே, அது இங்கே வெயில் என்பதற்காக அனுப்பியது இல்லை. ஜூன் மாதம் சென்னையில் எனக்கு நீ ஏற்பாடு செய்திருக்கிற முட்டி ஆபரேஷன் வேண்டாம் ராஜா. எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை.

படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும், வாங்கிக்கொள்கிறேன். மகன் இன்ஜினியர், மருமகள் நர்ஸ், அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி வலிக்காத இடத்தைக் காட்டி இத்தனை மாதம் வைத்தியம் பார்த்துக்கொண்டாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதைத்தான் செய்தேன். போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும், ஸ்டிச்சிங் லைனின் கடைசியில் இருந்துகொண்டு, தைத்து வருகிற ஷூ அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்தோலை, செக்கிங் செய்வது. கீழே பெட்டியில் இருக்கிற பண்டலைக் குனிந்து எடுத்து, நிமிர்வதற்கு முன்பே இடுப்பைத் திருப்பி மேசைமேல் வைப்பேன், அதுதான் வேகம் என்று எனக்குப் பெருமை வேறு. ஒருநாள் அப்படித் திரும்பியபோது இடது பக்கம் ஒரு இழுப்பு. சுளுக்கு என்று விட்டுவிட்டேன். பிறகு அது உள்ளே ஆழத்தில் குடைச்சலாகி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்த மாதிரி ஓட ஆரம்பித்தது. தும்மினால் ஓடும், இருமினால் ஓடும், ஆலயத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் பிரசங்கம் முடிவதற்குள் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் இன்னும் நான் எழுதவில்லை, பார்த்தாயா. எழுதுகிறேன். நாம் உட்காருகிற இடம் இருக்கிறதே, அந்த இடம். பின்பக்கம். அப்பாடா, எழுதிவிட்டேன், எழுதிவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை.

அப்பா என்னை எபனேசரின் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எபனேசர் உனக்கு ஞாபகம் இருப்பான், உன்னைவிடச் சின்னவன், இப்போது எலும்பு டாக்டர், பஜார் பக்கம் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறான். நான் சண்டே கிளாஸ் எடுத்த காலத்தில் என் வகுப்புப் பிள்ளை அவன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம் கட்டி மேடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு அழுதவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, டிராயர் மாற்றிவிட்டவள் நான். அந்தப் பிள்ளை கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு எழுந்து நின்று, வாங்க டீச்சர், எங்க வலிக்குது, காட்டுங்க என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன், நீயே சொல். கை சரியாகப் பின்னால்தான் போனது. போன கை பாதி வழியில் வெட்கப்பட்டு, புடவையைச் சரிசெய்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து முட்டியில் நின்றது. முட்டிப்பா என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தான். இந்த வயதில் யாருடைய முட்டியைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யுமாம், என் முட்டியிலும் தெரிந்தது. மாத்திரை, களிம்பு, முட்டிக்கு இறுக்கமாக ஒரு உறை. எதற்கும் அடங்கவில்லை என்று கடைசியில் முட்டிக்குள்ளேயே ஒரு ஊசி. ஒரு பாவமும் அறியாத என் முட்டி, பாவம், அதையும் வாங்கிக்கொண்டது.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை வைத்து விளையாடியிருக்கிறாய். அப்பரில் கீறலோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம், அரோ என்போம். அரோவின் முனை எங்கே நிற்கிறதோ அங்கேதான் ரிப்பேர் செய்கிறவர்கள் கை வைப்பார்கள். குதிகால் பக்கம் தையல் விட்டிருக்க, விரல் பக்கம் அரோ ஒட்டினால் நல்ல தையலைப் பிரித்துப் பாழாக்கிவிடுவார்கள். புதிதாக வருகிற பெண்கள் தைத்தவள் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்து குறைக்குப் பக்கத்தில், ஓரமாக ஒட்டுவார்கள். ஓரமா ஒட்டாதம்மா, எங்க இருக்குதோ அங்கியே ஒட்டு என்று அவர்களைப் பார்த்து நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன். அப்படிக் கத்தினவள் தன் உடம்பில் அரோவைக் கொண்டுபோய் முட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன். எபனேசர்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

ஒரு பொய் சொன்னால் அது அதன்பாட்டுக்குக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடுகிறது. ஆலயத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சகோதரி ஜெபராணியின் முழங்கால்களுக்காக என்று பெயர் சொல்லி ஜெபித்தார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னேன். திருவிருந்துக்குப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்து, பார்த்து முழங்கால் போடுங்கள் என்பார்கள். எனக்கு முழங்கால் போடுவதில் ஒரு சிரமமும் இல்லை, ஆனால் இருப்பதுபோல நடிக்க வேண்டியிருந்தது, அதுவும் பலிபீடத்துக்கு முன்னால். பிறகு உன்னிடமும் வந்தது. ஒருநாள் வீடியோவில் ஜெனிஃபா கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா, அத்தே, வலி சரியா எங்கருந்து கிளம்புது என்று. நர்ஸ் கண் அது, ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. அவள் தோளுக்குப் பக்கத்தில் உன் முகம். உங்கள் இருவருக்கும் பின்னால் கதவில் அவளுடைய நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது, நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு முட்டிதாம்மா என்றேன். பாதம் மரத்துப்போவுதா அத்தே என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். அன்றைக்கே மரத்துத்தான் இருந்தது. அப்புறம் நீ சென்னை டாக்டரிடம் போனிலேயே பேச வைத்தாய், அவர் மாடிப்படி ஏறினால் வலிக்கிறதா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா என்று கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். வலித்தது உண்மைதானே, இடம்தான் வேறு. இத்தனை வைத்தியத்துக்கும் அடங்காத முட்டி என்றால் மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னார், நீ உடனே லீவு போட்டுத் தேதியும் வாங்கிவிட்டாய். அம்மா, உன்னை நடக்க வைக்காம நான் திரும்ப மாட்டேன் என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கம்பெனிக்கு வெளிநாட்டு பையர், நம் சரக்கை வாங்குகிறவர், வந்திருந்தார். நான் கையில் அப்பரோடு லைன் நெடுக நடந்து அவரிடம் காட்டப் போனேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், நான் என் வேலையைப் பார்த்துத்தான் பிரமிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே அக்தரி பேகம் என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறாள். அக்தரியை உனக்குத் தெரியும், பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள், என் பக்கத்து மேசை, ரம்ஜானுக்கு நமக்கு பிரியாணி அனுப்புகிறவள். இடது செருப்பு பாதி வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பாதத்துக்கு உணர்ச்சியும் இல்லை, விரலைத் தூக்கிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளத் தெம்பும் இல்லை. ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனியில், பையர் முன்னால், ஒற்றைச் செருப்போடு நின்றேன். அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்தரி என்னைப் பாத்ரூம் பக்கம் இழுத்துக்கொண்டு போய், இன்னாம்மா ஜெபராணி, செருப்பு போனதுகூட தெர்ல உனக்கு, இது பேஜார் சமாச்சாரம், நாளைக்கே லீவு சொல்லு, வேலூர் போலாம், நான் வர்றேன் என்றாள். அப்பாவை அழைத்துப் போகலாம் என்றேன். அண்ணன் வாணாம், அவர் எதிர்ல நீ வாயத் தொறக்க மாட்டே என்றாள். என்னோடு இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவள், என் சங்கதி அவளுக்குத் தெரியாதா.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருந்து காத்திருந்து கடைசியில் டாக்டர் கிறிஸ்டினா என்று ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பெண் டாக்டர் என்றதும் மனசு லேசானது, உள்ளே போனால் கூடவே மீசை அரும்பின மாணவர்கள் இருவர் நோட்டோடு நிற்கிறார்கள். என் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் மறுபடி முட்டி என்றே வந்தது. டாக்டரம்மா முட்டியை அமுக்கினாள், மடக்கினாள், நீட்டினாள், வலிக்குதாம்மா என்று கேட்டாள், நானும் ஆமாம் என்று முகத்தைச் சுளித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மல்லாந்து படுக்கச் சொல்லி, முட்டியை மடக்காமல் காலை அப்படியே நேராகத் தூக்கினாள். கொஞ்சம்தான் தூக்கியிருப்பாள், நான் போட்ட கூச்சலில் வெளியே இருந்த அக்தரி எட்டிப் பார்த்துவிட்டாள். இது முட்டி இல்லம்மா, வலி எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரே ஒரு விரலால காட்டுங்க என்றாள் டாக்டரம்மா. நான் மாணவர்களைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டு அவர்களை வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டாள். அப்போதும் கை எழவில்லை ஜோவின். யாரும் இல்லை, அவளும் பெண்தான், ஆனாலும் எழவில்லை. அம்மா உடம்பு அப்படியே பழகிவிட்டது. பைக்குள் கர்ச்சீப்பைத் தேடுகிற சாக்கில் கையை விட்டேன், கையில், கம்பெனிப் பையில் எப்போதும் கிடக்கிற அரோ ஸ்டிக்கர் சீட்டு தட்டுப்பட்டது. என்ன தோன்றியதோ, ஒன்றைப் பிய்த்தேன். கட்டிலைவிட்டு இறங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, புடவைமேலேயே, வலி கிளம்புகிற இடத்தில் சரியாக ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் திரும்பவும் முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இதைத்தாம்மா கேட்டேன், ரொம்ப சரியான இடம் என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பெயர் சயாட்டிகாவாம். முதுகின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, நான் அரோ ஒட்டிய இடத்தின் வழியாக நுழைந்து, தொடைக்குப் பின்னால் இறங்கிப் பாதம்வரை போகிற நரம்பு ஒன்று, உடம்பிலேயே தடிமனான நரம்பு அதுதானாம். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி அதன் வேரை அமுக்குகிறது, அமுக்குகிற இடம் ஒன்று, வலிக்கிற இடம் இன்னொன்று. கால் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னாள், தூக்க முயன்றேன், வரவில்லை. அப்போதுதான் அவள் முகம் மாறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் முட்டியையே கட்டிக்கிட்டு இருந்திருந்தீங்கன்னா பாதம் நிரந்தரமா தொங்கியிருக்கும், நல்லவேளையா செருப்பு கழண்டுது என்றாள். முதுகில் ஆபரேஷன் உடனே தேவைப்படவில்லை, முக்கால்வாசிப் பேருக்கு மருந்திலும் பயிற்சியிலும் சில மாதங்களில் அடங்கிவிடுமாம், ஆனால் பலவீனம் கூடினால் தாமதிக்கக் கூடாது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, புதிய முட்டியை வைத்துக்கொண்டு தொங்குகிற பாதத்தோடு உன் முன்னால் நான் நின்றிருப்பேனே என்று நினைத்தேன்.

இனி வருவதைப் படித்துவிட்டு நீ சிரிக்கலாம், நான் அனுமதி கொடுக்கிறேன். அழுத அவசரத்தில் ஸ்டிக்கரை எடுக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது சந்தன நிறப் புடவை. அரோ நல்ல சிவப்பு. அதோடேயே மருந்து வாங்கும் வரிசையில் நின்றேன், ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் நடந்தேன், பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கினேன். பஸ்ஸில் கூட்டம். தோல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற சுப்பராயன் ஐயா முன் சீட்டில் இருந்தார், நான் ஏறினதும் அவசரமாக எழுந்து, நீங்க உக்காருங்கம்மா என்று இடம் கொடுத்தார். என் வயதுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஆம்பூரில் இறங்கும்போதுதான் எனக்குப் பின்னால் இறங்கின அக்தரி கவனித்தாள். முதலில் அல்லா என்றாள், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எங்க வலிக்குதுன்னு புருசனுக்குச் சொல்ல மாட்டே, டாக்டருக்குச் சொல்ல மாட்டே, வேலூர்லருந்து ஆம்பூர் வரைக்கும் ஊருக்கே காட்டினு வந்தியேம்மா என்றாள். மானம் கப்பலேறும் என்பார்கள், என் மானம் பஸ் ஏறி டிக்கெட்டும் எடுத்தது. வீட்டுக்கு வந்து அந்தப் புடவையை மடித்துப் பீரோவின் அடியில் போட்டுவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர், என்கிட்ட கூடவா என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மறுநாள் எபனேசரிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் சிரித்து விட்டுவிடுவான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நல்லா இருக்கிற முட்டில ஊசி போட்டிருக்கேன் டீச்சர், உங்க முதுகை ஒருமுறைகூட தட்டிப் பாக்கலையேன்னு இப்ப எனக்குத் தூக்கம் வராது என்றான். நான் சொன்ன பொய்க்கு அந்தப் பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது அரோ ஒட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தது இல்லை, அவன் முகத்தைப் பார்த்த அந்த நேரம்தான். ஐக்கிய சங்கத்திலும் எழுந்து சொல்லிவிட்டேன், முழங்காலுக்காக ஜெபித்தீர்கள், முழங்கால் நன்றாக இருக்கிறது, இனி முதுகுக்காக ஜெபியுங்கள் என்றேன். அதற்குமேல் விளக்கவில்லை. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா, கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக என்னை ஓரம்கட்டி, காதில் வந்து, எனக்கும் அங்கேதான், யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

இப்போது தினமும் பயிற்சி. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி எதிர்ப்பக்கத் தோளை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். குப்புறப் படுத்துக் கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்க வேண்டும். காலை ஊன்றி இடுப்பை மேலே தூக்குவது ஒன்று இருக்கிறது, அதை மட்டும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்கிறேன், சிரிக்காதே. வலி காலில் கீழே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும், மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்லதாம், எனக்கு இப்போது தொடையோடு நிற்கிறது. படுத்தே கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்கிறேன், வெந்நீர்ப் பை ஒத்தடம் சுகமாக இருக்கிறது. தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன் என்று வந்தவர்களை எல்லாம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கம்பெனியில் கேட்டுப் பண்டல் பெட்டியை மேசை உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். இன்னொரு கூத்து. அப்பா வண்டியில் இத்தனை வருஷம் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து போனேன் அல்லவா, இடுப்பை முறுக்கிக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அடி வாங்கினது போதும், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சுடிதார் போட்டுக்கொண்டு, இந்த வயதில், அப்படியே உட்கார்ந்து ஆலயத்துக்குப் போனேன். வாசலில் எல்லாரும் பார்த்தார்கள். அப்பா என்னைவிடக் கூச்சப்பட்டு வண்டியைக் காம்பவுண்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். அவர் கதையும் கேள், என்னை விட்டுவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து டாக்டரம்மா அவர் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கச் சொன்னாள். கம்பெனியில் வெட்டி மிஞ்சின தோலில் தைத்துக்கொண்ட பர்ஸ், செங்கல் தடிமன், அதன்மேல்தான் இருபத்துநாலு மணி நேரமும் உட்காருவார். இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் தொங்கத் தொங்க நடக்கிறார்.

நீயும் பர்ஸைப் பின்னால் வைக்காதே. கம்ப்யூட்டர் முன்னால் மணிக்கணக்காக உட்காராதே, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நட, பாதம் தரையில் முழுதாகப் படுகிற மாதிரி நாற்காலியை வை. எதையும் தூக்கும்போது முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்கு, என்னை மாதிரி குனிந்து திரும்பாதே. நோயாளிகளைத் தூக்கித் திருப்புகிற வேலை ஜெனிஃபாவுக்கு, அவளுக்கு இதெல்லாம் தெரியும், ஆனாலும் சொல்லு. ஒன்று மட்டும் மறக்காதே. இந்த மாதிரி வலியோடு சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காருகிற இடமும் தொடை நடுவும் மரத்தாலோ, கால் தொய்ந்துபோனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெட்கப்பட்டு வீட்டில் இருப்பவர்கள்தான் காலை இழக்கிறார்களாம். டாக்டரம்மா இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆபரேஷன் தேதியை ரத்து செய்துவிடு. சென்னை டாக்டரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள், உண்மையையே சொல்லு, எனக்குப் பரவாயில்லை. ஆனால் லீவை ரத்து செய்யாதே. இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நான் செக்கிங்காரி ராஜா, இருபது பண்டல் தள்ளிப் போகிற அப்பரில் ஒரு தையல் குறைந்தால் எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் ஆரம்பித்ததிலிருந்து வீடியோவில் ஜெனிஃபாவை நான் பார்க்கவில்லை. கேட்டால் டூட்டி என்கிறாய். காலையில் கேட்டாலும் டூட்டி, ராத்திரி கேட்டாலும் டூட்டி. உன் பின்னால் அந்தக் கதவுக் கொக்கி சும்மா இருக்கிறது, நீலக் கோட்டு இல்லை. நான் முட்டி முட்டி என்று சொன்ன அதே குரலில்தான் நீ டூட்டி என்கிறாய், என் வயிற்றில் பிறந்தவன் வேறு எப்படிச் சொல்வாய். என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. யார்மேல் தப்பு என்றும் கேட்க மாட்டேன். அவளைப் பார்த்தால் மட்டும் சொல்லு, பாதம் மரத்துப்போவுதா என்று அவள் கேட்டதற்கு அத்தை பொய் சொன்னாள், அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. என் முட்டிக்காக எடுத்த லீவை உனக்காக எடுத்துக்கொள். அவளோடு உட்கார்ந்து பேச முடிந்தால் பேசு, முடியாவிட்டால் இங்கே வா. வலிக்காத இடத்தைக் காட்டிக்கொண்டு நாள் கடத்தினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போ, குளிரில் முதுகைத் திறந்துபோட்டுத் தூங்காதே. அப்பா உன்னை விசாரித்தார், உங்கள் பங்குக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றால், நீ எழுதினதே போதும், மிச்சம் ஒன்றும் இல்லை என்கிறார். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் வீட்டு வாசல் அவளுக்கும் உனக்கும் திறந்தே இருக்கட்டும். கவரை உதறிப் பார், உள்ளே ஒரு சின்னச் சீட்டில் அரோ ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். வாயால் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, அம்மாவுக்கும் வரவில்லை. ஒன்றைப் பிய்த்து ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பு, அந்தக் கதவுக் கொக்கியில் ஒட்டினாலும் எனக்குப் புரியும். ஓரமாக மட்டும் ஒட்டாதே ராஜா, எங்கே இருக்கிறதோ அங்கேயே ஒட்டு.

இப்படிக்கு,
வெட்கத்தை விட்டு எழுதுகிற உன் அம்மா,
ஜெபராணி சாந்தகுமார்